வழி காட்டும் கருவி: தனியாக வாங்குவதா, டேப்லட்டில் வைத்துக்கொள்வதா?

நம் சங்கத்து வேன் வாரத்தில் இரு நாட்கள் திம்பம் மலைப்பாதை ஏறித் தாளவாடிப் பகுதிக்குச் சென்று, அங்குள்ள அங்கத்தினர்களின் முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் ஏற்றி வருகிறது. மற்ற நாட்களில் சென்னிமலையிலும் பவானியிலும் உள்ள நெசவாளர் வீடுகளுக்கு நூலைக் கொண்டு சேர்த்து, நெய்து முடித்த போர்வைகளையும் ஜமக்காளங்களையும் எடுத்து வருகிறது. இவ்வழிகளையெல்லாம் மனப்பாடமாக அறிந்திருந்த பழைய ஓட்டுநர் வயது காரணமாக ஓய்வு பெற்ற பின்னர், இளைஞர் ஒருவர் அப்பணிக்கு வந்திருக்கிறார். நல்ல பிள்ளை, வண்டியைப் பொறுப்பாக ஓட்டுபவர். ஆனால் மலைக்குப் புதியவர்.

அவர் தம் கைப்பேசியிலுள்ள வழிகாட்டும் செயலியை நம்பி ஒரு நாள் பின்மாலையில் சரக்கு ஏற்றக் கிளம்பினார். மலைமேல் ஒரு சிற்றூரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது செயலி மூடிவிட்டது. மறுபடி திறந்தபோது திரையில் பாதைகளைக் காணோம். வெறும் கட்டங்களும் நடுவில் ஒரு நீலப் புள்ளியும் மட்டுமே தெரிந்தன. விசாரிக்க வழியில் ஆளும் இல்லை. தவறான கிளைப்பாதையில் இறங்கி, திரும்பி வருவதற்குள் இரண்டு மணி நேரம் கழிந்தது. கோவைச் சந்தையில் ஏலம் முடிந்த பிறகே வேன் போய்ச் சேர்ந்தது. அன்றைய சரக்கு கிடைத்த விலைக்குப் போயிற்று. அந்த நட்டத்தைத் தாங்கியவர் ஓட்டுநர் அல்லர். நான்கு மாதம் தண்ணீர் பாய்ச்சிக் காத்திருந்த குடும்பத்தார்.

இதன் பின்னர் நிர்வாகக் குழுவில் இரண்டு யோசனைகள் எழுந்தன. வழி காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட தனி ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கி வேனில் பொருத்திவிடலாம் என்பது ஒன்று. ஒரு டேப்லட் வாங்கினால் வழியும் காட்டும், சரக்குக் கணக்கும் எழுதலாம் என்பது மற்றொன்று. இரண்டில் எதற்குச் சங்கப் பணத்தைச் செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கும் முன் அங்கத்தினர் அனைவரும் விஷயத்தை அறிந்திருப்பது நலம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

இடம் அறிவது வேறு, படம் பெறுவது வேறு

முதலில் நம்மிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். டவர் இல்லாத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவிக்கு அறிவிப்பவை வானத்திலுள்ள செயற்கைக்கோள்கள். டவர் வழியாக வருவது பெரும்பாலும் வரைபடமே. அன்று நம் ஓட்டுநரின் கைப்பேசியில் நீலப் புள்ளி தெரிந்ததல்லவா? கருவி தன் இடத்தை அறிந்திருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாலைகளின் படம் மட்டுமே அதனிடம் இல்லை.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசின் செயற்கைக்கோள் அமைப்பு. அதன் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இவை சுற்றி வருகின்றன. அமைப்பு முறையாக இயங்குவதற்கு 24 வேண்டும். இப்போது 30-க்கு மேற்பட்டவை இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுண்ணிய அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன செயற்கைக்கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்ற செய்தியை அவை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டேயிருக்கின்றன. அச்செய்தி நம்மை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கருவி அளந்து, அதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், நேரக் கணக்கில் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். கருவியிலுள்ள சாதாரணக் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலை கிடைத்தால்தான் இடம் உறுதிப்படும்.

தொடக்கத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. அதன் பிறகே சாலையில் செல்லும் வண்டிக்குத் திருப்பம் தவறாமல் வழி சொல்வது எளிதாயிற்று. ரஷியாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய அமைப்புகளும் இன்று உள்ளன. நம் நாட்டின் இஸ்ரோ 2013 ஜூலை 1 முதல் ஏவத் தொடங்கிய செயற்கைக்கோள்களால் அமைந்தது நாவிக். பல கருவிகள் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் அலைகளைச் சேர்த்து வாங்குகின்றன. இந்த அலைகளைப் பெறுவதற்குக் கட்டணம் கிடையாது.

ஆகவே, தனிக் கருவியும் டேப்லட்டும் கேட்பது ஒரே வானத்தின் செய்தியையே. திறந்த வெளியில் சாதாரணக் கைப்பேசியே சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடுகிறது. சாலையைக் கண்டுபிடிக்க இது போதும். எது துல்லியம் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வது வீண். வேறுபாடுகள் வேறிடத்தில் இருக்கின்றன.

டேப்லட் வாங்குவோர் ஏமாறும் இடம்

எல்லா டேப்லட்டிலும் செயற்கைக்கோள் அலையை வாங்கும் உறுப்பு இருப்பதில்லை. இதை அறியாமல் வாங்கி ஏமாந்தவர் பலர். எடுத்துக்காட்டாக, ஐபேட் வகையில் சிம் வசதியுள்ள மாதிரிகளில் மட்டுமே ஜி.பி.எஸ். உண்டு, வைஃபை மட்டும் உள்ள மாதிரிகளில் இல்லை. அவை அருகிலுள்ள வைஃபை இணைப்புகளைக் கொண்டே இடத்தை ஊகிக்கின்றன. ஈரோட்டுக் கடைவீதியில் அந்த ஊகம் சரியாக இருக்கலாம். திம்பம் காட்டில் அது பயன்படாது. மற்ற நிறுவனங்களின் மலிவான டேப்லட்டுகளிலும் இவ்வுறுப்பு இல்லாதவை உண்டு. விலைப் பட்டியலில் ஜி.பி.எஸ். என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 குறிகள் என்ற மிக மெதுவான வேகத்தில் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரத்தைத் தடையின்றிப் பெற ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். மரங்களும் பாறைகளும் அலையை இடையிடையே மறைத்தால் இன்னும் நேரமாகும். கைப்பேசியும் சிம் உள்ள டேப்லட்டும் இவ்விவரத்தை டவர் வழியாக நொடிப்பொழுதில் வாங்கிக்கொள்வதால் விரைவில் இடம் காட்டுகின்றன. டவர் இல்லாத இடத்தில் அணைத்துத் திறந்தால் அவையும் காத்திருக்கத்தான் வேண்டும். எனவே மலை ஏறுவதற்கு முன், டவர் உள்ள அடிவாரத்திலேயே செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, சரக்கு இறக்கும் வரை அணைக்காமல் செல்வது நல்ல பழக்கம்.

வரைபடம் எங்கே இருக்கிறது?

தனிக் கருவியின் முதற்பெரும் வசதி, வரைபடம் அதனுள்ளேயே பதிந்திருப்பது. டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் பதிந்த படம் நாளடைவில் பழையதாகிவிடும். புதிய புறவழிச்சாலை வந்தது அதற்குத் தெரியாது. அவ்வப்போது கணினியுடன் இணைத்துப் புதுப்பிக்க வேண்டும். சில கருவிகளில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. மேலும், 2009-இல் கூகுள் நிறுவனம் கைப்பேசியில் இலவசமாக வழி சொல்லத் தொடங்கியது முதல், கார்களுக்கான தனிக் கருவிகளின் வாணிகம் உலகெங்கும் சுருங்கிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் அவை அருகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் இந்திய வரைபடம் அதில் உண்டா, எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்றாக வேண்டும்.

டேப்லட்டில் ஓடும் செயலிகள் வழக்கமாக வரைபடத்தை அவ்வப்போது இணையத்திலிருந்து வாங்குகின்றன. ஆனால் முன்கூட்டியே படத்தைச் சேமித்து வைக்கும் வசதி அவற்றில் உண்டு. கூகுள் மேப்ஸ் செயலியில் நாம் வேண்டும் பகுதியைக் கட்டம் கட்டி இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்குக் காலவரம்பு உண்டு. அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். இணையம் இல்லாதபோது சாலை நெரிசல் விவரமும் கிடைக்காது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் முதலிய செயலிகள் மாநில அளவில் பெரும்பகுதியை மொத்தமாக இறக்கிக்கொண்டு முழுவதும் இணையமின்றி இயங்கும்படி அமைந்தவை.

இவ்விரண்டு செயலிகளும் பயன்படுத்துவது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்தை. இது 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. இதை வரைபவர்கள் சம்பள ஊழியர்கள் மட்டும் அல்லர். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ச் சாலையைத் தாங்களே சேர்க்கிறார்கள். கூட்டுறவின் தத்துவத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரார் உழைத்த இடத்தில் படம் நிறைவாக இருக்கும்; ஒருவரும் கை வைக்காத இடத்தில் வெறுமையாக இருக்கும். தாளவாடிப் பக்கத்துச் சிற்றூர்ப் பாதை ஒன்று விடுபட்டிருந்தால், நம் அங்கத்தினரின் படித்த பிள்ளைகளே அதைச் சேர்த்துவிடலாம். தனிக் கருவியின் மூடிய படத்தில் இதற்கு இடமில்லை.

வெயிலும் மின்சாரமும்

தனிக் கருவி வண்டிக்கென்றே செய்யப்பட்டது. கார்களுக்கான கார்மின் கருவிகள் பலவற்றுக்கு 55 பாகை வெப்பம் வரை இயங்கும் என்று குறிக்கப்பட்டுள்ளது. ஐபேடுக்கு அதன் நிறுவனம் குறிக்கும் வரம்பு 35 பாகையே. நம் பகுதியில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 பாகை வந்துவிடுகிறது. முன் கண்ணாடியின் கீழ் வெயில் படும்படி வைத்த டேப்லட், சூடு மிகுந்து திரை மங்கலாம். தானே நின்றும் போகலாம். இக்குறை தீர்க்கக்கூடியதுதான். நேர் வெயில் படாதவாறும் காற்று படும்படியும் தாங்கியைப் பொருத்த வேண்டும். வண்டியை நிறுத்தும்போது எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பூட்டிய வண்டியின் வெக்கையில் எந்தக் கருவியின் மின்கலமும் கெடும். களவு போகும் அச்சமும் உண்டு.

வழி காட்டும் வேலையில் திரை இடைவிடாமல் எரிவதால் மின்கலம் விரைவில் தீரும். வண்டியின் மின்சாரத்திலிருந்து இயங்கும் தரமான சார்ஜரும் உறுதியான கம்பியும் இன்றியமையாதவை. பெரிய டேப்லட்டுக்கு அதிக மின்சாரம் வேண்டும். மட்டமான சார்ஜரில் செருகினால், செருகியிருக்கும்போதே மின்கலம் இறங்கிக்கொண்டு வரும்.

திரையின் அளவைப் பற்றியும் ஒரு சொல். பெரிய திரை கண்ணுக்கு எளிது என்பது உண்மையே. ஆனால் ஓட்டுநரின் பார்வைக்குக் குறுக்கே அது நின்றால் ஆபத்து. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, கையடக்கத் தொடர்புக் கருவியை வண்டி ஓட்டும்போது வழி அறிவதற்காக மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம். ஆதலின் சுமார் 8 அங்குலத்துக்கு மேற்பட்ட டேப்லட் வேனுக்கு வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். சேரிடத்தைக் குறிப்பதும் மாற்றுவதும் வண்டியை நிறுத்திய பிறகே செய்யத் தக்கவை. ஓடும்போது காதால் கேட்டுச் செல்ல வேண்டும்.

கருவி அறியாதவை

எந்தக் கருவியானாலும் சாலையை அறியுமேயன்றிச் சாலையின் கட்டுப்பாட்டை எப்போதும் அறியும் என்று நம்பலாகாது. பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தினூடே செல்கிறது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி இங்கே இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைப்படுத்தப்பட்டது. பின்னர் சில தளர்வுகளும் தரப்பட்டன. இத்தகைய ஆணைகளும் எடை வரம்புகளும் மாறி வருபவை. கிளம்பும் முன் சோதனைச் சாவடியிலோ வனத்துறையிடமோ கேட்டறிவதற்கு ஈடான செயலி இல்லை.

மேலும், கார் செல்வோருக்கென அமைந்த செயலி மிகக் குறுகிய வழியைச் சொல்லும். அது சரக்கு ஏற்றிய வேனுக்கு ஏற்ற வழியா என்று பாராது. பழைய ஓட்டுநரை ஒரு நாள் அழைத்து, அவர் அறிந்த வழிகளை ஒரு தாளில் எழுதி வாங்கி வண்டியில் வைக்க வேண்டும் என்று குழுவுக்கு நாம் சொல்லியிருக்கிறோம். எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பாலம் மழையில் முழுகும், எந்த ஊரில் யாரைக் கேட்கலாம் என்பன அதில் இருக்கட்டும். தாளுக்கு மின்கலம் வேண்டியதில்லை.

நிலம் அளக்கவும் இக்கருவி உதவுமா என்று விவசாய அங்கத்தினர் சிலர் கேட்டார்கள். தோராயமாக அறியலாம், வழக்குக்கு உதவாது. ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். கருவி ஒவ்வொரு பக்கத்திலும் 3 மீட்டர் கூட்டிக் காட்டினால், பரப்பில் ஏறக்குறைய 10 சென்ட் கூடிவிடும். வரப்புத் தகராற்றைக் கைப்பேசியைக் காட்டித் தீர்க்கப் போனால் தகராறு வளரும். அதற்கு உரியவர் அரசு நில அளவையரே.

காட்டு ஓரங்களில் கால்நடையாகச் சுற்றுவோருக்குக் கைக்கு அடக்கமான தனிக் கருவி மிகவும் ஏற்றது. இரண்டு சிறு பேட்டரிகளில் ஒரு பகல் முழுவதும் ஓடும். மழையையும் தூசியையும் தாங்கும். ஆனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி சேர்ந்த கருவிகளும் சந்தையில் உள்ளன. அவற்றை நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் விசாரித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

நம் முடிவு

வண்டியில் வழி காட்டுவது மட்டுமே தேவை, கணினியுடன் இணைத்துப் படம் புதுப்பிக்க ஆள் உண்டு, இந்தியப் படத்துடன் உத்தரவாதமும் கிடைக்கிறது என்ற நிலையிலுள்ள சங்கம் தனிக் கருவியை வாங்கலாம். நம் சங்கத்தின் நிலை அதுவன்று. வேன் ஊர் ஊராக நின்று நூல் எடையையும் மூட்டை எண்ணிக்கையையும் குறித்துவர வேண்டியிருப்பதால், ஜி.பி.எஸ். உறுப்பும் சிம் வசதியும் உள்ள நடுத்தர டேப்லட்டே நமக்குத் தகும். ஆனால் சேமித்த வரைபடம் இல்லாமல் அதை மலைக்கு அனுப்பக் கூடாது.

வாங்கிய உடன் பணத்தை முழுவதும் தீர்க்காமல் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். ஈரோடு மாவட்டப் படத்தை இறக்கிவிட்டு, விமானப் பயண நிலையில் வைத்து, டவர் தொடர்பே இல்லாமல் சங்கக் கட்டடத்திலிருந்து பவானி வரை ஒரு நடை போய்வர வேண்டும். சரியாக வழி சொன்னால் மலையிலும் சொல்லும். இந்தச் சோதனையை இப்போது தம்மிடமுள்ள கைப்பேசியிலேயே எவரும் செலவின்றிச் செய்து பார்க்கலாம். அன்று நம் ஓட்டுநர் கிளம்பும் முன் இதை யாரேனும் அவருக்குச் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் வீணாகியிராது.

செலவைக் கணக்கிடும்போது கருவியின் விலையை மட்டும் பார்க்கலாகாது. தாங்கி, சார்ஜர், மாதந்தோறும் சிம் கட்டணம், படம் புதுப்பிக்கும் கட்டணம், எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற ஐந்தையும் ஒரே தாளில் எழுதி இரு பக்கமும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதுவரை ஓட்டுநர் தம் சொந்தக் கைப்பேசியையும் தம் காசில் போட்ட இணையத்தையும் சங்க வேலைக்குச் செலவிட்டு வந்தார். அதை நாம் ஒருவரும் கேட்கவில்லை. வழி தவறியபோது மட்டும் கேள்வி கேட்டோம். கருவியும் அதன் கட்டணமும் சங்கத்தின் பொறுப்பாக இருப்பதே முறை. வேன் எங்கே இருக்கிறது என்பதை அலுவலகத்திலிருந்து பார்க்கும் வசதியை அக்கருவியில் ஏற்படுத்துவதானால், அதை ஓட்டுநருக்குச் சொல்லியே செய்ய வேண்டும். அவரும் நம்மைப் போல் உழைத்து உண்பவர்.

அடுத்த பொதுக்குழுவில் இவ்விஷயம் வாக்கெடுப்புக்கு வருகிறது. மலையிலிருந்து வரும் அங்கத்தினர்கள் தங்கள் ஊருக்கான பாதையைத் தாளில் வரைந்து கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். எக்கருவி வாங்கினாலும் முதலில் தேவைப்படுவது அதுவே.